வைனில் பால் ஊற்றிப் பார்த்தவன்

ஒரு வேலையில் நாலு பேர் நம்மைக் கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டால், அடுத்த வேலையில் நாம் கவிழ்வதற்கு நாள் குறித்தாகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. இடம், பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா. கவிழ்த்தது, உலகத்திலேயே உயர்ந்த வைன் என்று நான் சூடம் அணைக்காத குறையாக அடித்துச் சொன்ன ஒரு போத்தல்.

அப்போது நான் தேயிலைத் தொழிற்சாலையில் (நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்) சின்ன டீமேக்கர். கொழுந்து வந்து இறங்கியதிலிருந்து அதை வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, அடுப்புச் சூட்டில் காயவைத்து, தூளாகப் பெட்டிக்குள் போகும்வரை பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். கூலியாட்களை மேய்க்கும் ஒரு கங்காணியின் மகன் ஸ்டோரில் கால்சட்டை போட்டு உத்தியோகம் பார்ப்பது அந்தக் காலத்தில் லேசுப்பட்ட விஷயமில்லை. லயத்து வரிசை வீட்டுச் சனம் என்னை 'டீமேக்கர் ஐயா' என்று கூப்பிட்டது. மரியாதைக்காக 'சின்ன' என்பதை விட்டுவிட்டார்கள். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

என் பெருமையெல்லாம் என் நாக்கில் இருந்தது. ஒவ்வொரு நாள் தூளையும் வெள்ளைக் கோப்பைகளில் வெந்நீர் ஊற்றிச் சாயம் இறக்கி வரிசையாக வைத்து, கரண்டியால் அள்ளி, 'உர்ர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, பக்கத்துத் தொட்டியில் துப்பிப் பார்க்க வேண்டும். சாயம் சரியா பிழையா என்று சொல்வது பெரிய டீமேக்கர்தான். ஆனால் உறிஞ்சும் சத்தத்தில் என்னை அடிக்க ஆளில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு, தூள் சலிக்கும் பெண்கள் 'ஐயாவுக்கு என்னா நாக்கு' என்று அசந்துபோனதாக நம்பிக்கொண்டிருந்தேன். (அவர்கள் உண்மையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது. அதை இங்கே எழுத முடியாது.)

பெரிய டீமேக்கர் ஓய்வு பெறும் நேரம் நெருங்கியிருந்தது. அவருடைய இடம் எனக்கு வரவேண்டும். இடத்தைவிட முக்கியம், அதோடு சேர்ந்து வரும் வீடு. நானும் என் மனைவி புஷ்பமும் குடியிருந்தது ஓர் இரட்டை வீட்டின் பாதியில். தண்ணீர்க் குழாய் வெளியே, சரிவில் படி இறங்கிப் போக வேண்டும். புஷ்பம் அப்போது எங்கள் மூத்தவளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊவா மலைக் காற்றில் சேலையையும் வாளியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்தப் பாசி பிடித்த படிகளில் அவள் ஏறி வரும்போது, கால் வழுக்கிவிடக் கூடாதே என்று நான் வாசலில் நின்று படிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். (நீ தூக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு டீமேக்கர் ஊர் பார்க்க வாளி தூக்கினால் மரியாதை என்ன ஆவது? அவ்வளவு பெரிய மடையன் நான்.) பெரிய டீமேக்கர் வீட்டிலோ குழாய் சமையல் குசினிக்கு உள்ளேயே இருந்தது. திறந்தால் தண்ணீர் கொட்டும்.

“அந்த வீடு கெடைச்சாப் போதுங்க. புள்ளைய அங்கதான் குளிப்பாட்டணும்,” என்பாள் புஷ்பம்.

“கெடைச்ச மாதிரிதான். என்னைய விட்டா இந்தத் தோட்டத்துல வேற யாரு இருக்கா?”

“அதைத் துரைகிட்ட யாராச்சும் சொன்னாத் தேவல.”

துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட புதிது அது. பழைய வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த புதுத் துரை, போனவரைவிடப் பெரிய வெள்ளைக்காரராக இருந்தார். மழை பெய்யும்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டார். நாயை இங்கிலீஷில் கொஞ்சினார், எங்களைத் தமிழில் திட்டினார். போன துரை சோறும் பருப்பும் சாப்பிட்ட அதே மேசையில் இவர் முள்ளுக்கரண்டியால் வாழைப்பழம் சாப்பிட்டார். (இதைப் பங்களாவில் சமைக்கும் அந்தோணி அப்பு சொல்லித்தான் நம்பினேன். அப்பு பொய் சொல்லுவார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் இது நிஜம். பிறகு நானே பார்த்தேன்.)

இந்தத் துரையின் பங்களாவுக்கு ஒரு ஜெர்மன்காரர் வருவதாகச் செய்தி வந்தது. ஊவாத் தேயிலை என்றால் ஜெர்மன்காரர்களுக்கு உயிர். வருகிறவர் அங்கே பெரிய அளவில் தேயிலை வாங்கும் முதலாளி. ஞாயிறு காலையில் ஸ்டோரைப் பார்ப்பார், பகல் சாப்பாடு பங்களாவில். துரைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெள்ளைக்காரனுக்குச் சாப்பாட்டோடு வைன் கொடுக்காவிட்டால் மானம் போய்விடும் என்று நினைத்தார். நாட்டிலோ இறக்குமதி எல்லாம் நின்றுபோயிருந்தது. பாண் ரொட்டிக்கே பதுளையில் விடியற்காலையிலிருந்து வரிசை. வைனுக்கு எங்கே போவது?

அப்போதுதான் சாமான் அறை அலமாரியில் பழைய துரை விட்டுப்போன போத்தல்கள் கிடைத்தன. ஐந்து ரகம், ஒவ்வொன்றிலும் இரண்டு போத்தல். ஆனால் அவை எத்தனை காலமாக அங்கே கிடக்கின்றன, எது குடிக்கத் தக்கது, எது கெட்டுப்போனது என்று யாருக்கும் தெரியாது. துரைக்கும் தெரியாது. அதை வெளியே சொல்லிவிட முடியுமா அவரால்? வெள்ளிக்கிழமை எனக்கு ஆள் அனுப்பினார்.

“நீ டீ குடிச்சுப் பாக்குறதுதானே?” என்றார், அவருடைய தமிழில்.

“ஆமாங்க துரை.”

“வைனும் அப்படித்தான். வாயில வைக்கிறது, துப்புறது. ரகத்துக்கு ஒரு போத்தல் ஒடைச்சுப் பாக்குறது. எது நல்லது, எது கெட்டது, நாளைக்குச் சொல்றது. இன்னொரு போத்தல் மேசைக்கு.”

“எனக்கு வைன் தெரியாதுங்க துரை” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாய் மூச்சு. அதற்குப் பதிலாக நான் சொன்னது இது:

“செஞ்சிருவோம் துரை. வைனெல்லாம் நமக்குப் பழக்கம்தான்.”

என்ன பழக்கம் தெரியுமா? பண்டாரவளையில் ஒரு கல்யாண வீட்டில் இஞ்சியும் சீனியும் போட்டு யாரோ காய்ச்சிய இஞ்சி வைன் அரைக் கிளாஸ். அதுவும் எனக்கு இருமல் என்று கொடுத்தார்கள்.

துரைக்கு மகிழ்ச்சி. “ஒழுங்காச் செய்றது. அந்த ஆள் போனப்பறம் பெரிய டீமேக்கர் விசயம் பேசுறது,” என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து புஷ்பத்திடம் சொன்னேன்.

“உங்களுக்கு வைன் தெரியுமா?” என்று கேட்டாள்.

“அதுவும் சாயம்தானே. நாக்கு இருந்தாப் போதும்.”

“நாய்க்குந்தான் நாக்கு இருக்கு. தெரியாதுன்னு சொல்லிருங்க. தெரியாதுன்னு சொன்னாத் துரை கடிச்சா வைக்கப் போறாரு?”

பொம்பளைக்கு என்ன தெரியும் உத்தியோக விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை ஸ்டோரில் சாயம் பார்க்கும் அறையைத் தயார் செய்தேன். அந்தோணி அப்பு ஒரு கூடையில் ஐந்து போத்தல்களைச் சாக்குச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். பழைய துரைக்குப் பல வருடம் சமைத்துப் போட்டவர். பார்த்தால் சாமி கும்பிட்டுவிட்டு வந்தவர் மாதிரி ஒரு முகம். போத்தல்களை இறக்கியபின் போவார் என்று பார்த்தால், போகவில்லை. கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வைன் எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. தேயிலை பார்க்கத் தெரியும். ஆகவே வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக அடுக்கினேன், கரண்டியைக் கழுவினேன், துப்பும் தொட்டியைக் காலடியில் இழுத்துவிட்டேன், ஒரு சின்னக் கூஜாவில் பாலும் வாங்கி வைத்தேன்.

பால் எதற்கு? சீமைக்குப் போகும் தேயிலையை அங்கே பால் ஊற்றித்தான் குடிப்பார்கள். அதனால் நாங்களும் சாயத்தில் கொஞ்சம் பால் ஊற்றி நிறம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். நல்ல சாயத்தில் பால் விழுந்தால் பளிச்சென்று நிறம் வரும், மட்டமானதில் சாம்பல் பூத்துவிடும். வைனும் சீமைச் சரக்கு. அப்படியென்றால் அதற்கும் பால்தான் பரீட்சை. இதில் என்ன தப்பு இருக்கிறது என்று அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் உங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பேன்.

முதலாவது, ஒல்லியாக உயரமாக இருந்த போத்தல். ஜெர்மன் வெள்ளை வைன். திறந்து முகர்ந்தேன். மண்ணெண்ணெய்! அசல் லாம்பெண்ணெய் வாடை. யாரோ மாற்றி ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உறிஞ்சினேன். முதலில் தேசிக்காய்ப் புளிப்பு. பிறகு செங்காய் மாங்காய். அதற்கும் பிறகு, துப்பி முடித்த பின்னால், மெதுவாகத் தேன் மாதிரி ஒன்று நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்றது. நாக்கு 'இன்னொரு வாய்' என்று கெஞ்சியது. நான் நாக்கை நம்புகிறவனா? பாலை ஊற்றினேன். அடுத்த கணம் திரிந்து கட்டிகட்டியாக மிதந்தது. வீட்டில் பால் திரிந்தால் என்ன அர்த்தம்? கெட்டுப்போச்சு என்று அர்த்தம்.

“கெட்டுருச்சு,” என்றேன், வைத்தியர் மாதிரி.

“ஐயோ, அப்படிங்களா?” என்றார் அப்பு.

இரண்டாவது, பிரெஞ்சுச் சிவப்பு. கறுப்புக்குக் கிட்ட நிறம். அடியில் மண்டி இறங்கியிருந்தது. பழைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு வாசனை. கூடவே ஈர மண், தோல் செருப்பு. வாயில் வைத்ததும் நாவற்பழம் தின்ற மாதிரி ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. விட்ட பிறகு அதே ஈறு எச்சில் ஊறிக் கேட்டது. ஆனால் மண்டி இருக்கிறதே! மண்டியோடு சாயம் கொடுத்தால் பெரிய டீமேக்கர் கோப்பையை என் தலையில் கவிழ்ப்பார். பால் ஊற்றினேன். ஊதா நிறத்தில் கட்டி விழுந்த அந்தக் கண்றாவியை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதுவும் கெட்டுப்போனது.

மூன்றாவது, அடிப்பக்கம் வைக்கோல் பின்னிய குண்டுப் போத்தல். இத்தாலிக்காரன் செய்தது. இதை முகர்ந்ததும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மழை நாளில் நனைந்த கொழுந்துச் சாக்கு மூலையில் கிடந்தால் ஒரு வாடை வருமே, அதேதான்! எத்தனையோ தூரம் கடந்து வந்த வைனில் எங்கள் ஸ்டோர் வாசனை. வாயில் வைத்தால் ருசி என்று ஒன்றுமே இல்லை, ஈர அட்டையை நக்கிய மாதிரி இருந்தது. இருந்தாலும் பழகிய வாடை அல்லவா, நல்ல புள்ளி போட்டேன். (தக்கை பழுதாகி நாறிப்போன வைனில் இந்தச் சாக்கு வாடைதான் வரும் என்று பிற்காலத்தில் ஒருவர் சொன்னார். ஐந்தில் நிஜமாகவே கெட்டுப்போன ஒன்றே ஒன்று இதுதான். அதற்குத்தான் நான் புள்ளி போட்டேன்.) பால் என்னவோ அதிலும் திரிந்தது. வருத்தத்தோடு ஒதுக்கினேன்.

நாலாவது போர்த்துக்கீசர் வைன். இதைப் பற்றிப் பேசும்போது இப்போதும் எனக்குக் குரல் மாறிவிடும். கித்துள் பாணியின் பாகுத் தித்திப்பு, முந்திரிகை வற்றல், கொஞ்சம் கறுவாப் பட்டை, தொண்டையில் இறங்கும்போது கம்பளி போர்த்திவிட்ட மாதிரி ஒரு சூடு. துப்ப வேண்டும் என்பது மறந்துபோய்விட்டது. அடுத்த வாயும் மறந்துபோய்விட்டது. அப்பு லேசாகச் செருமினார். கடமை ஞாபகம் வந்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு பால் ஊற்றினேன். திரிந்துவிட்டது. அழுகை வந்துவிட்டது எனக்கு. இவ்வளவு ருசியான பொருள் கெட்டுப்போய்விட்டதே என்று.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே, கீழே கூட்டுறவுச் சங்கக் கடையில் கூப்பன் மாவுக்கு லயத்துச் சனம் வரிசையில் நின்றது தெரிந்தது. மேலே நான் பிரெஞ்சுக்காரன் சரக்கைத் தொட்டியில் துப்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவில்லை. உத்தியோகம் பெரிதாகப் போகிற சந்தோஷத்தில் கண் அங்கே போகவேயில்லை.

ஐந்தாவது போத்தல் தோள் சரிந்த பிரெஞ்சுப் போத்தல். தக்கை மேல் சிவப்பு மெழுகு வைத்து அடைத்திருந்தது. மற்றவற்றில் இல்லாத மெழுகு! ராஜாக்கள் குடிப்பதாக இருக்கும் என்று முடிவு செய்தேன். கையில் எடுத்ததும் அப்பு கதவோரத்திலிருந்து கிட்டே வந்தார்.

“ஐயா, அத நல்லாப் பாருங்கையா. அதுல என்னமோ கோளாறு இருக்குற மாதிரி எனக்குப் படுது.”

“அப்பு, நீங்க சமையலப் பாருங்க. நான் சாயத்தப் பாக்குறேன்.”

“இல்லங்கையா, கெட்டுருக்கும். நாலும் கெட்டுப் போயிருக்கிறப்ப இது மட்டும் எப்படி...”

“பேசாம நில்லுங்க.”

ஊற்றினேன். தெளிந்த செம்பு நிறம். மண்டி இல்லை. முகர்ந்தால் லேசாகப் புகை. உறிஞ்சினேன். ஆகா! புளிப்பு இல்லை, ஈறு இழுக்கவில்லை, தொண்டையில் மட்டும் சின்னதாக ஒரு சூடு. எத்தனையோ நாள் பழகியவனைப் போல நாக்கில் உட்கார்ந்தது. மெய்சிலிர்த்துப்போய்ப் பாலை ஊற்றினேன். திரியவே இல்லை. பளிச்சென்று கலந்து, தினமும் காலையில் புஷ்பம் என் கையில் கொடுக்கும் கோப்பையின் நிறத்தில் அழகாக நின்றது. இந்த இடத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டுமா இல்லையா?

“இதுதான் வைன்!” என்றேன்.

அப்பு தலையில் கை வைத்துக்கொண்டு கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். என் திறமையைக் கண்டு மலைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

துரையிடம் போய்ச் சொன்னேன். புகை மணம், தெளிவு, நல்ல கனம் என்று தேயிலைக்காரன் பாஷையில் அளந்துவிட்டேன். துரை பாதி கேட்கும்போதே, “எனக்குத் தெரியும். அந்த போத்தல் பார்த்தவுடனே தெரியும்,” என்றார். மற்ற நாலு ரகத்தில் எஞ்சியிருந்ததை எல்லாம் சாக்கடைக் கானில் கொட்டச் சொல்லி அப்புவுக்கு உத்தரவு போட்டார். “சரிங்க துரை, கொட்டிர்றேன்,” என்று அப்பு கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். குழந்தையைத் தூக்குகிறவர் மாதிரி அவ்வளவு பக்குவமாகத் தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கிளாக்கரின் கல்யாணக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். தோள்பட்டை எனக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. காலையில் ஸ்டோரில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பெரிய டீமேக்கர் தன் கையால் தெரிந்தெடுத்த சாயங்களைக் காட்டினார். ஜெர்மன்காரர் கிழவர், நீண்ட மூக்கு, அதிகம் பேசாதவர். உறிஞ்சிப் பார்த்துத் தலையை ஆட்டினார். துரைக்கு வாயெல்லாம் பல்.

பகல் சாப்பாட்டு மேசையில் துரை, துரைசானி, பக்கத்துத் தோட்டத்துத் துரை, ஜெர்மன்காரர். நான் சுவரோரம், வெள்ளைத் துணி சுற்றிய போத்தலோடு. கோழி வந்தது. வைன் ஊற்றும்படி துரை கண்ணைக் காட்டினார். ஒரு துளி சிந்தாமல் நாலு கிளாஸிலும் ஊற்றினேன். (அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். நான் தமிழில் தருகிறேன்.)

துரை முதலில் குடித்து, கண்ணை மூடி, “பிரமாதம்,” என்றார்.

துரைசானி, “எவ்வளவு மென்மை!” என்றார்.

பக்கத்துத் தோட்டத்துத் துரை இவர்களுக்கு இளைத்தவரா? “இதே வைனை நான் பாரிஸில் குடித்திருக்கிறேன்,” என்றார்.

நான் சுவரோரம் நின்றபடியே பெரிய டீமேக்கராகிவிட்டேன். புஷ்பம் உள்ளே குழாயைத் திறக்கிறாள், நான் திண்டு வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எல்லாம் தெரிகிறது.

ஜெர்மன்காரர் ஒரு வாய் வைத்தார். கிளாஸைக் கீழே வைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி வாயில் வைத்து, விருந்து மேசை என்றும் பார்க்காமல், 'உர்ர்ர்ர்' என்று ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். அந்தச் சத்தத்துக்கு முன்னால் என்னுடையதெல்லாம் சத்தமே இல்லை.

“ஊவா,” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. துரை சிரித்துவைத்தார்.

“ஊவாத் தேயிலை,” என்றார் கிழவர் நிதானமாக. “இந்தப் பக்கம்தான். போட்டு மூன்று நாலு நாள் இருக்கும். கொஞ்சம் சாராயம் சேர்த்திருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், இது வைன் இல்லை. தேநீர்.”

சுவரில் ஓடிய பல்லிகூட நின்றுவிட்டது. பாரிஸில் குடித்தவர் கோழிக் காலைக் கவனமாக ஆராயத் தொடங்கினார். துரையின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அவர் பெரிய ஆள்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“கண்டுபிடித்துவிட்டீர்களே! உங்களுக்காக நாங்கள் செய்து வைத்த ஒரு சின்ன வேடிக்கை. தேயிலைத் தோட்டத்து வைன்! ஹா ஹா!”

“நல்ல வேடிக்கை,” என்றார் ஜெர்மன்காரர். “ஆனால் தேயிலை தீய்ந்திருக்கிறது. அடுப்புச் சூட்டை அளவுக்கு மேல் விட்டிருக்கிறார்கள். இதைச் செய்தது யார்?”

அந்தப் புகை மணம்! அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இரண்டு வாரத்துக்கு முன் பெரிய டீமேக்கர் லீவில் போயிருந்தபோது ஸ்டோர் முழுக்க என் பொறுப்பில் இருந்தது. பெரியவரைவிடச் சீக்கிரமாகக் காயவைத்துக் காட்டுகிறேன் பார் என்று அடுப்பை ஏற்றிவிட்டு ஒரு பெட்டி தூளைத் தீய்த்தேன். விற்க முடியாத அந்தத் தூளைத்தான் பங்களாக் குசினிக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். நான் போட்ட தூள். நான் தீய்த்த தூள். அதைக் கோப்பையில் ஊற்றி, உறிஞ்சி, உலகத்திலேயே உயர்ந்த வைன் என்று சொன்னதும் நான்.

துரையின் விரல் மெதுவாக உயர்ந்து என் பக்கம் நீண்டது.

கிழவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, வியப்புதான். “வேறு வைன் இருந்ததா?” என்று கேட்டார். இருந்தது, எல்லாம் கெட்டுப்போயிருந்தது என்றேன். எப்படித் தெரியும் என்றார். ஜெர்மன் வைனில் மண்ணெண்ணெய் நாறியது என்றேன். அவர் கையிலிருந்த முள்ளுக்கரண்டி தட்டில் விழுந்தது.

“அந்த வாசனை வருவதற்குத்தானே நாங்கள் வருடக்கணக்காகக் காத்திருப்போம்,” என்றார். “வேறென்ன பரீட்சை செய்தாய்?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “பால் ஊற்றிப் பார்த்தேன், சார்.”

“பாலா?”

“ஆமாம் சார். எல்லாம் திரிந்துவிட்டது.”

கிழவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வடிந்து, துடைக்கக் கைக்குட்டை போதாமல் மேசைத் துணியை எடுக்கும்வரை சிரித்தார். துரைசானியும் தாங்காமல் சிரித்தார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர், துரையும் நானும்.

வீட்டுக்கு இறங்கி வந்தேன். புஷ்பம் வாசலிலேயே நின்றாள்.

“கெடைச்சிருச்சா?”

எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். உள்ளே போய்த் தேயிலை டப்பாவை எடுத்து வந்தாள். பிறகு கேட்டாள்: “நம்ம வீட்டுல இருக்கே, அந்தத் தூளா?”

“ஆமா.”

“அதையா நல்லா இருக்குன்னு சொன்னீங்க? நான் பத்து நாளா அடுப்படியில கரைஞ்சுகிட்டு இருக்கேனே, தீஞ்ச வாட வாயில வைக்க முடியலன்னு. உங்க காதுல விழுந்துச்சா?”

விழவில்லை. அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றேன். வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் உடம்பில் தெரிந்தது.

மறுநாள் அந்தோணி அப்பு ஸ்டோருக்கு வந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு மெழுகு வைத்த அந்த இரண்டு போத்தல்களையும் தாம் குடித்துத் தீர்த்ததையும், துரை போத்தல்களை எண்ணிப் பார்க்கச் சொன்னதும் பயந்துபோய்த் தேத்தண்ணியில் கொஞ்சம் சாராயம் கலந்து ஊற்றி மெழுகுதிரியால் அடைத்ததையும் சொன்னார்.

“ஏன் அப்பு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நீங்க தேயிலக்காரரு. வாயில வச்ச ஒடனே கண்டுபுடிச்சு, பாவம் அந்தோணின்னு கெட்டுப்போன கணக்குல ஒதுக்கிருவீங்கன்னுல்ல இருந்தேன். நான் கண்டேனா, நீங்க அதைத் தூக்கித் தலையில வச்சுக்குவீங்கன்னு?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா ஐயா, மத்த நாலையும் கானுல கொட்டல. அந்தச் சாக்கு நாத்தம் அடிச்சது ஒண்ணுதான் கொட்டுனேன். மண்ணெண்ண வாட அடிச்சுதே, ஆகா, அது என்னா சாமான்!”

அவருக்கு ஒரு தண்டனையும் கிடைக்கவில்லை. எல்லாம் வேடிக்கைக்காகச் செய்ததென்று துரை விருந்தாளி முன்னால் சொல்லிவிட்டாரே, பிறகு யாரை எதற்கு விசாரிப்பது? என்னையும் திட்டவில்லை. மாதம் முடிந்ததும் அப்புத்தளைப் பக்கத்திலிருந்து வேறொரு ஆள் பெரிய டீமேக்கராக வந்து, குழாய் உள்ளே இருக்கும் வீட்டில் சாமான்களை இறக்கினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தண்ணீர் வாளியை நான் தூக்கினேன். போவதற்கு மரியாதை மிச்சம் இருந்தால்தானே.

மூத்தவள் நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்குப் பெரிய டீமேக்கர் வேலை கிடைத்தது. அங்கேயே இருந்து ஓய்வும் பெற்றேன். என் கையால் செய்த தூள் நல்ல பெயரும் எடுத்தது. அதெல்லாம் ஸ்டோரில். வீட்டில் என் நாக்குக்கு ஒரு மதிப்பும் கிடையாது. தேத்தண்ணி ஊற்றினால் புஷ்பம் முதலில் குடித்துப் பார்த்து, “நல்லா இருக்கு, குடிங்க,” என்று சொன்ன பிறகுதான் எனக்கு வரும்.

மூத்தவளைப் பெண் பார்க்கப் பதுளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் கோப்பை. சம்பந்தி வீட்டுப் பெரியவர் மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, “டீமேக்கர் வீட்டுத் தேத்தண்ணி. நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கு?” என்றார். அவ்வளவு பேர் முன்னால் என்னைக் கேட்கிறாரே என்ற மகிழ்ச்சியில் ஒரு வாய் உறிஞ்சி, “பிரமாதமா இருக்கு,” என்றேன்.

புஷ்பம் குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

“எல்லாரும் கோப்பையக் கீழ வச்சிருங்க. அவரு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. நான் வேற போட்டுக் கொண்டாரேன்.”

வேறு போட்டுக் கொண்டுவந்தாள். அது நிஜமாகவே நன்றாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.